பந்தடித்துச் சேர்த்த காசு தருமமாகுமா?



இலுப்பைக்கடவையிலிருந்து ஒரு தாய் எமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். கணவர் கடலுக்குப் போகிறவர்; நான்கு பிள்ளைகள். தம் பெயரைப் போடவேண்டாம் என்று கேட்டிருக்கிறார். பெயரைப் போடவில்லை. ஆனால் அவர் கேட்டிருக்கும் கேள்வியைப் போடாமல் விட மனம் வரவில்லை. ஏனெனில் அது ஒரு வீட்டின் கேள்வி மட்டுமன்று; நம் கரையோரக் குடும்பங்கள் பலவற்றின் கேள்வி.

நடந்தது இதுதான். கடல்கடந்த நாடொன்றில் வாழும் நம்மவர் சிலரும் அவர்களுடைய நண்பர்களும், அங்கே நூறாண்டு கண்ட மரங்கள் நிற்கும் பழைய கோல்ப் திடல் ஒன்றில், தருமத்துக்கென ஒரு நாள் விளையாடினார்கள். அதில் சேர்ந்த பணத்தில் ஒரு பகுதி நம் பக்கம் வந்தது. பள்ளிக்கு நெடுந்தூரம் நடக்கும் பிள்ளைகளுக்குச் சைக்கிள்கள் வாங்கப்பட்டன. இந்தத் தாயின் மூத்த மகளுக்கும் ஒன்று கிடைத்தது. கொடுத்த நாளன்று பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்திப் படம் பிடித்தார்களாம். மகள் குனிந்துகொண்டே நின்றாளாம். “பிள்ளை, நிமிர்ந்து பார்த்துச் சிரி” என்றார்களாம்.

சைக்கிள் வீட்டுக்கு வந்தது. எழுபது வயதைக் கடந்த மாமனார் அதைத் தொட்டும் பார்க்கவில்லை. “அவையள் பந்தடிச்சுச் சிரிச்சு, திண்டு குடிச்சு, மிச்சத்தை எங்களுக்கு எறியினமோ? நாங்கள் கை நீட்டிப் பிழைச்ச ஆக்களோ?” என்று கேட்டுவிட்டு முற்றத்துக்கு எழுந்து போய்விட்டாராம். சைக்கிள் ஒரு கிழமையாகச் சுவரில் சாத்தியபடியே நிற்கிறது. மகள் நடந்துதான் போகிறாள்.

“சுவாமி, பந்தடித்துச் சேர்த்த காசு தருமமாகுமா? அதை நாங்கள் வாங்கலாமா? மாமாவுக்கு நான் என்ன மறுமொழி சொல்ல?” என்று முடிகிறது கடிதம்.

அந்த முதியவரின் கோபத்தை அவசரப்பட்டுக் குற்றம் சொல்லாதீர்கள். 2007 ஜனவரி 2ஆம் நாள் இலுப்பைக்கடவைப் படகுத்துறையில் விமானக் குண்டுகள் விழுந்து பொதுமக்கள் மாண்டதை அந்த ஊர் மறக்கவில்லை. 2008இல் அந்தக் கரையின் மக்கள் வள்ளத்தையும் வலையையும் வயலையும் விட்டுக் கிழக்கு நோக்கி ஓடினார்கள். 2009இல் அவர்களிற் பலர் வவுனியா மெனிக் பாம் முகாமின் முட்கம்பிக்குள் இருந்தார்கள். அங்கே சோற்றுக்கு ஒரு வரிசை, தண்ணீருக்கு ஒரு வரிசை, பாய்க்கு ஒரு வரிசை. உழைத்து உண்ட கைகளை நீட்டப் பழக்கிய காலம் அது. அந்த வரிசைகளில் நின்ற ஒருவர், பேத்தியை மறுபடியும் ஒரு வரிசையில் நிறுத்தக் கண்டால் அவர் நெஞ்சு நோகாதோ?

ஆகவே கேள்வியைப் பொறுமையாக எடுத்து ஆராய்வோம்.

இது என்ன விளையாட்டு?

நம்மில் அநேகர் கோல்ப் விளையாட்டைக் கண்டதில்லை. பரந்த புல்வெளியில், மரங்களுக்கிடையே, குளத்தையும் மணற்குழியையும் தாண்டி, கோழிமுட்டையளவான ஒரு பந்தைக் கோலால் அடித்து, 108 மில்லிமீற்றர் அகலமுள்ள ஒரு குழியில் விழுத்த வேண்டும். இப்படி 18 குழிகள். மிகக் குறைந்த அடிகளில் முடிப்பவர் வெற்றி பெறுவார். ஒரு சுற்றுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேலும் செல்லும்.

தருமத்துக்காக ஆடும் நாளில் நால்வர் நால்வராகக் குழுச் சேர்ந்து கட்டணம் செலுத்துவர். ஒவ்வொரு குழிக்கருகிலும் ஒரு வர்த்தக நிறுவனம் பணம் கொடுத்துத் தன் பெயர்ப்பலகையை நாட்டும். மிகத் தூரம் அடித்தவருக்குப் பரிசு, குழிக்கு மிகக் கிட்ட அடித்தவருக்குப் பரிசு. மாலையில் விருந்து, ஏலம். செலவு போக மிஞ்சுவது ஒரு வைத்தியசாலைக்கோ, அநாதை இல்லத்துக்கோ, தூரத்திலுள்ள ஓர் ஊருக்கோ போகும்.

இது செல்வரின் விளையாட்டென்றே நமக்குத் தோன்றும். ஆனால் அதன் பிறப்பு அப்படியன்று. ஸ்கொத்லாந்து நாட்டின் கிழக்குக் கரையில், நம் கரையைப் போலவே பயிர் ஏறாத உவர்மணல் நிலத்தில், ஆடு மேய்க்கும் வெளிகளில் அது வளர்ந்தது. அங்கே ஒரு பட்டினம் உண்டு. மீனவரான அப்போஸ்தலர் அந்திரேயாவின் பெயரையே அது தாங்கியிருக்கிறது. 1552 ஜனவரியில் அந்நகரின் கத்தோலிக்கப் பேராயர் ஜோன் ஹமில்ற்றன் ஒரு பத்திரத்தில் கையொப்பமிட்டார். அந்த மணல்வெளியில் முயல் வளர்க்கத் தமக்கு அநுமதி பெற்றுக்கொண்ட அவர், அங்கே ஆடுமாடு மேய்க்கவும் கோல்ப் முதலிய விளையாட்டுக்களை ஆடவும் ஊர்மக்களுக்குள்ள உரிமையை அதே பத்திரத்தில் ஏற்றுக்கொண்டார். ஆம், வாசகர்களே! இந்த விளையாட்டின் பழைய ஏடுகளில் ஒன்று, பொதுநிலம் பொதுமக்களுக்கு உரியது என்று ஒரு பேராயர் ஒப்புக்கொண்ட ஏடு.

பின்னர் வேலிகள் வந்தன. நம் நாட்டுக்கு அதைக் கொண்டுவந்தவர்கள் ஆங்கிலேயர். 1879இல் தொடங்கிய கொழும்புக் கழகம் முதலில் காலிமுகத் திடலில் ஆடியது. 1896இல் பொரளைப் பக்கம் ரிட்ஜ்வே திடலுக்கு மாறியது. களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதப் பாதை இன்றும் அத்திடலை ஊடறுத்துச் செல்கிறது. நுவரெலியாவில் 1889இல் ஒரு கழகம் எழுந்தது. இவை வெள்ளைத் துரைமாருக்கென எழுந்த இடங்கள். புகையிரதத்தில் நெருங்கியடித்து நிற்கும் தொழிலாளி யன்னலூடாகப் பச்சைப் புல்லைப் பார்ப்பான். புல்லில் நிற்பவர் புகையிரதம் கடந்து போகும்வரை பொறுத்து நிற்பார். இருவருக்கும் இடையே சில முழத் தூரமே உண்டு. ஆனால் அந்தச் சில முழம் எத்துணை நீளமானது!

குறை சொல்லுமுன் மூன்று பாடங்கள்

விளையாடித் தருமஞ் செய்வது புதுமையன்று. பிங் குறொஸ்பி என்ற அமெரிக்கப் பாடகரைப் பழைய வாசகர்கள் அறிவார்கள். கத்தோலிக்கரான அவர், 1944இல் வெளிவந்த ஒரு திரைப்படத்தில் குருவானவராக நடித்து ஒஸ்கார் விருது பெற்றவர். அவர் 1937இல் தொடங்கிய கோல்ப் போட்டி பின்னர் தருமத்துக்குப் பணம் சேர்க்கும் போட்டியாகிப் பல்லாண்டு நிலைத்தது. 1977 அக்டோபர் 14ஆம் நாள் ஸ்பானிய நாட்டில் ஒரு கோல்ப் ஆட்டத்தை முடித்து வந்த வேளையிலேயே அவர் உயிர் பிரிந்தது. அமெரிக்காவின் தொழில்முறைப் போட்டிகளை நடத்தும் பீ.ஜீ.ஏ. ரூவர் என்னும் அமைப்பு, தன் போட்டிகள் வழியாகத் தருமத்துக்குச் சேர்ந்த தொகை 300 கோடி டொலரைத் தாண்டியதென 2020இல் அறிவித்தது.

நம் நாட்டிலும் 2011 ஜூலையில், தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை சுமார் 670 கிலோமீற்றர் தூரத்தை 27 நாளில் நடந்து, தெல்லிப்பழையில் ஒரு புற்றுநோய் வைத்தியசாலைக்குப் பணம் சேர்த்தார்கள். கால் நடந்து சேர்த்த காசு நோயாளிக்குக் கட்டிலானால், கை அடித்துச் சேர்த்த காசு பிள்ளைக்குச் சைக்கிளாவதில் என்ன குற்றம்? விளையாட்டிற் பாவமில்லை. பாவம் வேறிடத்தில் இருக்கலாம். அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில், இந்த விளையாட்டிலிருந்து நாம் கற்கத்தக்க மூன்று பாடங்களைச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று: தேர்ந்தவர் ஒருவர் 72 அடிகளில் சுற்றை முடிக்கிறார் என வைத்துக்கொள்வோம். தேராதவருக்கு 90 அடிகள் வேண்டியிருக்கிறது. இருவரையும் ஒன்றாக ஆடவிட்டால் முடிவு முன்னரே தெரிந்ததே. ஆகவே தேராதவருக்கு 18 அடிகளைச் சலுகையாகக் கழித்துவிடுவார்கள். இப்போது இருவரும் சமம். இந்தச் சலுகையைப் பெறுபவர் வெட்கப்படுவதில்லை. கொடுப்பவர் தம்மை வள்ளல் என்று எண்ணுவதுமில்லை. அது ஆட்டத்தின் விதி. புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாந் திருமுகத்தின் எட்டாம் அதிகாரத்தில், எருசலேமின் ஏழைகளுக்காகப் பணம் சேர்க்கும்போது கேட்டதும் இதையே. ஒருவரின் நிறைவு மற்றவரின் குறைவை நிரப்பிச் சமநிலை உண்டாகவேண்டும் என்றார் அவர். புல்வெளியில் விதியாக ஏற்றுக்கொள்வதை வாழ்க்கையில் இரக்கமென்று மட்டும் எண்ணுவதேன்?

இரண்டு: இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு அடிக்கும் நடுவர் பின்னால் வருவதில்லை, தவறை ஆடுபவரே ஒப்புக்கொள்ள வேண்டும். 1925இல் அமெரிக்க ஓப்பின் போட்டியில் பொபி ஜோன்ஸ் என்ற புகழ்பெற்ற வீரர் அடிக்கத் தயாரானபோது பந்து இம்மியளவு அசைந்தது. வேறெவரும் அதைக் காணவில்லை. அவரோ தாமே சொல்லித் தம் கணக்கில் ஓர் அடியைக் கூட்டிக்கொண்டார். அந்த ஓர் அடியால் முதலிடம் சமநிலையாகி, மேலதிக ஆட்டத்தில் அவர் தோற்றார். மறைவில் காணும் தந்தையைப் பற்றி ஆண்டவர் மத்தேயு நற்செய்தியில் சொன்னதை நாம் அடிக்கடி வாசிக்கிறோம். வலை நிறுக்கும் தராசிலும், சங்கக் கணக்கிலும், கோயிற் கணக்கிலும், எவரும் காணாத அந்த ஓர் அடியை நாம் கூட்டிக்கொள்கிறோமா?

மூன்று: அமெரிக்காவில் பொஸ்ரன் நகருக்கு அருகே புறூக்லைன் என்னும் இடத்தில் 1882இல் அமைந்த பழைய கழகம் ஒன்றுண்டு. அதன் திடலுக்கு எதிரே, தெருவின் மறுபக்கத்தில், ஓர் எளிய வீட்டில் வளர்ந்தவர் பிரான்சிஸ் வீமெற். சிறுவனாக அதே திடலில் செல்வரின் கோற்பையைச் சுமந்து கூலி பெற்றவர். 1913இல், 20 வயதில், அதே திடலில், உலகம் வியந்த இரண்டு ஆங்கில வீரரை வென்று அமெரிக்க ஓப்பின் கிண்ணத்தைப் பெற்றார். அன்று அவர் பையைச் சுமந்தவன் பத்து வயதுச் சிறுவன் ஒருவன். 1949இல் அவர் பெயரால் ஒரு நிதி தொடங்கப்பட்டது; திடல்களில் வேலை செய்யும் ஏழைப் பிள்ளைகளின் கல்விக்கு அது உதவிவருகிறது. வேலிக்கு வெளியே நிற்கும் பிள்ளை என்றும் வெளியே நிற்கப் பிறந்தவனல்லன் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமோ?

இனிச் சொல்லவேண்டியவை

இப்படியெல்லாம் சொல்லிவிட்டு, கொடுப்பவரைப் புகழ்ந்து முடித்தால், முற்றத்தில் இருக்கும் அந்த முதியவருக்கு நான் அநியாயம் செய்தவனாவேன்.

தரும ஆட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. அடி தவறிவிட்டால், காசு கொடுத்து அதே அடியைத் திரும்ப அடிக்கலாம். தவறு கணக்கில் ஏறாது. காசு தருமத்துக்குப் போகும். வேடிக்கைக்கு அது நல்லதே. ஆனால் அந்த வேடிக்கை மனச்சாட்சிக்குள் புகுந்தால் என்னாகும்? ஆண்டு முழுவதும் வேலையாளின் கூலியைக் குறைத்தவர், அயலவனின் காணியை வளைத்தவர், ஒரு நாள் நன்கொடையால் அந்த அடியைத் திரும்ப அடித்துவிடலாம் என்று நினைத்தால்? பாவசங்கீர்த்தனத் தொட்டியில் நம் ஆண்டவர் காசு கேட்பதில்லை. அவர் கேட்பது மனஸ்தாபம். எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தல். சக்கேயு விருந்து வைத்ததோடு நிற்கவில்லை. ஏமாற்றியதை நாலு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாக எழுந்து நின்று சொன்னான்.

விருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில், விருந்து வைக்கும்போது திரும்ப அழைக்கக்கூடிய செல்வரை அழைக்காதே, ஏழைகளையும் உடல் ஊனமுற்றோரையும் அழை என்று ஆண்டவர் கற்பிக்கிறார். நம் பெயரால் நடக்கும் விருந்தில் நமக்கு ஓர் ஆசனம் உண்டா? நமக்கு என்ன தேவை என்று எவராவது நம்மைக் கேட்டார்களா? நூறு ரூபா சேர்ந்தால் மேசைக்கு எவ்வளவு, பிள்ளைக்கு எவ்வளவு என்று கணக்குக் காட்டினார்களா? பவுலே அந்தக் காணிக்கையைத் தாம் தனியே கையாளவில்லை. எவரும் குறை சொல்லாதபடி நம்பிக்கையான சகோதரரை உடன் அனுப்பினார். கணக்குக் கேட்பது நன்றிகெட்டதனமன்று. அது தருமத்தின் ஒரு பகுதி.

இலாசர் என்ற ஏழை செல்வனின் வாயிலிற் கிடந்தான். செல்வன் அவனை அடித்தான் என்றோ விரட்டினான் என்றோ நற்செய்தி சொல்லவில்லை. அவன் அவனைக் காணவில்லை. அதுவே அவன் குற்றம். 1967இல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர், மக்களின் முன்னேற்றம் பற்றிய சுற்றுமடலில், புனித அம்புரோசியாரின் பழைய போதனையை உலகுக்கு நினைவூட்டினார். ஏழைக்குக் கொடுப்பவன் தன்னுடையதைத் தானம் செய்வதில்லை, ஏழைக்கு உரியதையே திருப்பிக் கொடுக்கிறான் என்பது அதன் கருத்து. அப்படியானால் சைக்கிளைக் கொடுத்தவர் நம்மைக் கடனாளியாக்கவில்லை. தம் கடனில் ஒரு சிறு பகுதியைத் தீர்த்திருக்கிறார்.

இங்கே என் குற்றத்தையும் அறிக்கையிடுகிறேன். பல வருடங்களுக்கு முன், நான் பணியாற்றிய ஒரு பங்கில், வெளிநாட்டு உபகாரிகளுக்கு அனுப்புவதற்காக, கொப்பிகள் பெற்ற பிள்ளைகளை நானே வெயிலில் நிறுத்திப் படம் எடுத்தேன். ஒரு சிறுவன் கொப்பியால் முகத்தை மறைத்தான். நான் அவனைக் கடிந்து கொப்பியைத் தாழ்த்தச் சொன்னேன். கொப்பி தாழ்ந்தது, அவன் கண்கள் நிறைந்திருந்தன. அந்தப் படத்தை நான் அனுப்பினேன். இன்று அதை அனுப்பியிருக்க மாட்டேன். வலது கை செய்வதை இடது கை அறியாதிருக்கட்டும் என்ற போதனையைப் பீடத்தில் நின்று எத்தனை முறை விளக்கியவன் நான்! அந்தச் சிறுவன் கொப்பியால் அதை எனக்கு விளக்கினான்.

முற்றத்தில் இருக்கும் ஐயாவுக்கு

ஐயா, உங்கள் ரோசத்தை மதிக்கிறேன். ஆனாலும் ஒன்று கேட்க அநுமதியுங்கள். கரைவலை இழுத்த நாட்களில், மீன் குவிந்த மணலில் கூடையோடு வந்து நின்ற விதவைக்கு நீங்கள் ஒரு கை மீன் போடாமல் இருந்ததுண்டா? அதை அவள் வாங்கியபோது அவளைத் தாழ்வாக எண்ணினீர்களா? உங்கள் வீட்டில் உலை வைக்குமுன் பிடியரிசி எடுத்துப் பானையில் இடவில்லையா? அந்த அரிசி யாருடைய வயிற்றுக்குப் போனதென்று நீங்கள் கேட்டதில்லை. கொடுக்கத் தெரிந்த நீங்கள், உங்களைப் போலவே கொடுக்க விரும்பும் ஒருவர் கடலுக்கு அப்பால் இருக்கக்கூடும் என்று எண்ணலாகாதா? திடலில் ஆடியவர்களில் ஒருவர், ஒரு காலத்தில் உங்களோடு அதே வரிசையில் நின்ற ஒரு தாயின் பிள்ளையாகவும் இருக்கலாமே.

மக்கதோனியாவின் சபைகள் கடும் வறுமையில் இருந்தபோதும், கொடுக்கும் பாக்கியத்தைத் தங்களுக்கும் தரவேண்டுமென்று பவுலை மன்றாடின. கொடுப்பது செல்வருக்கு மட்டும் உரிய விளையாட்டன்று. அந்தத் திடலுக்கு வேலியில்லை. எருசலேம் ஆலயத்தில் இரண்டு செப்புக்காசு போட்ட கைம்பெண்ணை ஆண்டவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு எவரும் பெயர்ப்பலகை நாட்டவில்லை; எவரும் படம் எடுக்கவில்லை. ஆனால் இரண்டாயிரம் ஆண்டாக உலகம் அவளை நினைத்துக்கொண்டிருக்கிறது.

ஆகவே, தாயே, உங்கள் கேள்விக்கு என் மறுமொழி இது. பந்தடித்துச் சேர்த்த காசும் தருமமாகும். அது பிள்ளையின் தலையைக் குனியவைத்தால் குறைபட்ட தருமம்; பிள்ளையின் காலுக்கு வலுவானால் நல்ல தருமம். குறை கொடுத்தவர் பக்கம் இருந்தால், அதற்காக உங்கள் மகள் நடக்க வேண்டியதில்லை. சைக்கிளை எடுத்துக் காற்றடியுங்கள். மாமாவையே சங்கிலிக்கு எண்ணெய் போடச் சொல்லுங்கள். பின்னிருக்கையை வெறுமையாக விடாதீர்கள். சைக்கிள் கிடைக்காத அயல்வீட்டுப் பிள்ளை ஒருத்தி நிச்சயம் இருப்பாள். அவளை ஏற்றிக்கொண்டு போகட்டும். அன்று உங்கள் மகள் வாங்கினவளாக அல்ல, கொடுக்கிறவளாகப் பள்ளி வாசலில் இறங்குவாள். அவளை நிமிர்ந்து நிற்கும்படி எவரும் சொல்லவேண்டி வராது.

கொடுத்தவர்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். கெஞ்சும் கடிதமாக அல்ல, உறவுக் கடிதமாக எழுதுங்கள். மகள் என்ன படிக்கிறாள், பாதை எப்படியிருக்கிறது, ஊருக்கு அடுத்த தேவை என்ன என்று எழுதுங்கள். படத்தைப் பற்றிய உங்கள் மனவருத்தத்தையும் மறைக்காமல் எழுதுங்கள். நல்ல மனமுள்ளவர் அதைப் படித்துத் திருந்துவார்.

கடல்கடந்து வாழும் எம் வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விளையாடுங்கள், மகிழுங்கள், சேருங்கள். ஆனால் கொடுக்குமுன் கேளுங்கள். கொடுத்தபின் கணக்குக் காட்டுங்கள். பிள்ளைகளின் முகங்களை விளம்பரமாக்காதீர்கள். இயலுமானால் ஒருமுறை வாருங்கள். மன்னாரிலிருந்து பூநகரிக்குப் போகும் பாதையில் இலுப்பைக்கடவை இருக்கிறது. பெயர்ப்பலகை நாட்ட வேண்டாம். ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஒரு தேநீர் குடியுங்கள். அப்போது விருந்துக்கு அழைப்பவர் ஏழை, அழைக்கப்பட்டவர் நீங்கள். லூக்கா நற்செய்தியின் விருந்து அங்கே தலைகீழாக நிறைவேறும்.

மற்றக் குடும்பங்களுக்குச் சொல்வதும் அதுவே. இந்தக் கிழமை உங்கள் வீட்டில் அந்தப் பழைய பிடியரிசிப் பானையை மறுபடி எடுத்து வையுங்கள். பானை இல்லையேல் ஒரு தகரப் பேணி போதும். பிள்ளைகளின் கையாலேயே போடுவியுங்கள். கொடுத்துப் பழகிய கைக்கு வாங்குவதில் வெட்கமிராது. வாங்கிய நன்றியை மறவாத கைக்குக் கொடுப்பதில் அகந்தையிராது.

தாம் செல்வராயிருந்தும் நமக்காக ஏழையான இயேசு ஆண்டவர் உங்கள் வீடுகளையும், வள்ளங்களையும், வயல்களையும், அந்தச் சிறுமி போகும் பாதையையும் ஆசீர்வதிப்பாராக.

— ஆசிரியர்